ஆண் துணையுடன் மட்டுமே

அந்தத் தீர்மானத்தை நான் எழுதியது ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்கு. எந்த ஆண்டு என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஆண்டைச் சொன்னால் தலைமையாசிரியர் யாரென்று தெரிந்துவிடும்; அவர் கெட்டவர் அல்ல. தவறு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே, அணைத்தண்ணீர் தேங்கி நிற்கும் ஓரத்தில், காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி அது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். வெள்ளி மாலை வீட்டுக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவார்கள். பெரும்பாலோர் நடந்துவிடும் தூரம்தான். எட்டுப் பேருடைய குடியிருப்பு மட்டும் தண்ணீருக்கு அக்கரையில் இருந்தது. அவர்கள் மூங்கில் தெப்பத்தில் வருவார்கள். காற்று இல்லாத நாளில் இருபது நிமிடம்.

நான் ஆசிரியை அல்ல. கிளை நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆழ்வார்குறிச்சியில் தனியாக இருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் முதல் பேருந்தில் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு மலையேறி, வகுப்புக்கு ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்புவேன். அதனால் பிள்ளைகளுக்கு நான் ‘புக்கு டீச்சர்’. பெரியவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வி ஆர்வலர் என்றொரு இடம் காலியாக இருந்தபோது என்னைப் போட்டார்கள். தேதி, கிழமை, மணி எல்லாம் பிசகாமல் எழுதுவேன் என்பதால் தீர்மானப் பதிவேடும் என் கைக்கு வந்தது. குழுவின் தலைவராக அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண் தலைவியாக இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின வாரம் கரைக்குப் பத்தடி தூரத்தில் தெப்பம் சரிந்து, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்தான். பை நனைந்தது தவிர ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குத் தெப்பத்தில் எட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. தலைமையாசிரியருக்குத் தூக்கம் போயிற்று.

“மேல இருந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்றார். “பெரியாளு ஒருத்தரு கூட வரணும், அம்புட்டுத்தான். எழுதிருங்க டீச்சர்.”

நான் எழுதினேன்: அக்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவ மாணவியர், பெரியவர்களில் ஆண் ஒருவரின் துணையுடன் மட்டுமே பள்ளிக்கு வருதல் வேண்டும்.

அவர் ஆண் என்று சொல்லவில்லை. அறையில் இருந்த யாருமே சொல்லவில்லை. பிறகு எத்தனையோ முறை அந்த மூன்றே கால் மணியை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை.

தலைவி ஐந்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில் படித்தவர். வரிக்கு அடியில் விரலை வைத்துப் பைய வாசிப்பார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“ஆம்பளதான் கூட்டியாரணுமா டீச்சர்?”

நான் அடுத்த பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர்த்தொட்டி. தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: “ஆமாம்மா. பாதுகாப்புக்குத்தான்.”

அவர் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் வாசித்துப் பாராமல் போட்டார். நகல் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கல்லூரிக்குப் போன மூன்று ஆண்டும் பேருந்து நிறுத்தம் வரை என் தம்பி கூட வந்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. வழியில் நாய் துரத்தினால் அவன்தான் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவான். ஆனாலும் துணை அவன்தான். துணை தேவைப்பட்டவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா வந்தார். மதுரையில் பயிற்சி என்றபோது தம்பி மறுபடியும் வந்தான், அவனுக்குத் தேர்வு இருந்தும். பெண்களைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறேன். ஆனாலும் ‘துணை’ என்று எழுதப் போன பேனா அதற்கு முன்னால் ‘ஆண்’ என்பதைத் தானாகவே எழுதிக்கொண்டது.

அந்தக் குடியிருப்பின் நடைமுறை தெரியாமல் எழுதினேன் என்று சொல்லவும் வழியில்லை. என் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கரைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியது: தண்ணீரில் வலை போடுவதும் தெப்பம் வலிப்பதும் அங்கே பெண்கள். ஆண்களில் சிலர் வனத்துறை முகாம்களில் காவல் வேலை, வாரக்கணக்கில் காட்டுக்குள். மற்றவர்கள் மலைக்கு அந்தப்பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் கிழங்கு வேகவைப்பதும் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்கள்தான். “எங்கப்பாவத் தெப்பத்துல ஏத்துனா வாந்தி எடுப்பாரு” என்று தலைவியின் மகள் சொன்னதைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். எழுதினேன், தேதி போட்டேன், மறந்துபோனேன்.

சனிக்கிழமை பிற்பகல் மழை பிடித்தது. ஞாயிறு முழுவதும் விடவில்லை. திங்கட்கிழமை நான் பேருந்திலிருந்து இறங்கியபோது எட்டே முக்கால். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்ல வேண்டியது எட்டாம் வகுப்புப் பெண், அதாவது தலைவியின் மகள். அவள் இல்லை. வேறொரு பெண் திக்கித் திக்கிச் சொன்னாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அக்கரைப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கும் எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

“மழைல்லா,” என்றார் தலைமையாசிரியர். “வெறிச்சதும் வருவாவ.”

மழை ஒன்பதரைக்கு வெறித்து நின்றது. அவர்கள் வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தை இரண்டு முறை வாசித்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். சன்னல் வழியே தண்ணீர் தெரியும். வழக்கமாகப் பச்சையாக இருப்பது அன்று மண் நிறத்தில் இருந்தது. அக்கரையில் தெப்பம் கட்டியிருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஏதோ ஒரு கோடு தெரிந்தது.

சமையல்காரம்மா கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்து நின்றார். “எட்டுப் பேருக்கும் சேத்துல்லா உப்புமா கிண்டியிருக்கேன். எங்க போய்த் தொலைஞ்சுதுக இந்தச் சவங்க?” குரலில் கோபம் இல்லை. அவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பதுக்குத் தெப்பம் நகர்ந்தது. எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. பிறகு அது நடுத்தண்ணீருக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆள்.

தலைவிதான். கரையில் இறங்கித் தெப்பத்தைக் கட்டிவிட்டு, தார்ப்பாயில் சுற்றிய ஒரு பெரிய மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினார். அலுவலக வாசலில் இறக்கி அவிழ்த்தார். உள்ளே எட்டுப் பள்ளிப்பைகள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

“பையெல்லாம் நான் கொண்டாந்துட்டேன் சார். பிள்ளையளுக்கு நடக்கப் பாரமா இருக்கும்லா,” என்றார். பிறகு சமையல்காரம்மாவைப் பார்த்து, “சாப்புட்டாவளாக்கா?”

சமையல்காரம்மா தலைமையாசிரியரைப் பார்த்தார்.

“ஏம்மா, பிள்ளைங்க எங்க?” என்று நான்தான் கேட்டேன்.

அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்க முடிகிறது. “இன்னும் வரலியா? ஆறு மணிக்கே கெளம்பிட்டாவளே. காட்டு வழியா.”

“யார் கூட?”

“எங்க சின்ன மாமனாரு கூட. ஊருல ஆம்பள அவரு ஒருத்தருதான் இருந்தாரு. அவருக்குத் தெப்பம் வலிக்கத் தெரியாது. அதான் சுத்தி நடந்து போவம்னாரு.”

தண்ணீரைச் சுற்றி வரும் காட்டு வழி இரண்டரை மணி நேரம். இரண்டு ஓடைகளைக் கடக்க வேண்டும். நல்ல வெயில் காலத்தில் கணுக்கால் நனையும் ஓடைகள். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடமும் அதுதான். ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது பதினொன்றே கால்.

“நீ தெப்பத்துலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே,” என்று தலைமையாசிரியர் சொன்னார். “பையக் கொண்டு வந்திருக்கியே.”

“பைக்கு ஆம்பள வேணும்னு எழுதலியே சார்.” அவர் என் பக்கம் திரும்பினார். “நான் கேட்டேன்லா டீச்சர். ஆமான்னிய.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. வெறுமனே நினைவூட்டினார். அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார்.

தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடினார். “இரு, நானும் வாரேன்.”

தலைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சொல்ல வந்தது. “சார் ஏறுனா பிள்ளையள ஏத்த எடம் இருக்காது. இங்கன நின்னு விசில் ஊதுங்க. காட்டுக்குள்ள கெடந்தா எந்தத் தெசைன்னு தெரியும்லா.” பிறகு என்னிடம்: “நீங்க வாங்க. எனக்கு வலிக்கணும். கரையப் பாக்க ஒரு ஆளு வேணும்.”

நான் அதற்கு முன் தெப்பத்தில் ஏறியதில்லை. நீச்சல் தெரியாது. மூங்கில்களுக்கு நடுவே தண்ணீர் ஏறிச் சேலையை நனைத்தது. அவர் முழந்தாளிட்டுத் துடுப்பை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிப் போட்டார். கரையை ஒட்டியே போனோம். எனக்கு இட்ட வேலை பார்ப்பது. மரத்தடிகளை, பாறை இடுக்குகளை, சேற்றில் யானை மிதித்த குழிகளைப் பார்த்தேன். சிவப்பாக எது தெரிந்தாலும் பிள்ளைகளின் சீருடையோ என்று கை நீட்டிக் காட்டினேன். சீருடை சிவப்பே அல்ல. பின்னால் தலைமையாசிரியரின் விசில் நிறுத்தி நிறுத்திக் கேட்டது, வரவரத் தேய்ந்தது.

“மூணுதான் சின்னது,” என்றார் தலைவி, துடுப்பை நிறுத்தாமல். “மத்தது தாண்டிரும்.”

ஆறுதலுக்காகச் சொன்னாரா, கணக்குப் போட்டுப் பார்த்தாரா தெரியவில்லை. அந்த மூன்று பேரில் ஒருத்திக்கு நான் போன வாரம் யானைக் கதை வாசித்திருந்தேன். அவளுக்கு ஆறு வயது.

“உனக்குத் தப்புன்னு தோணிருக்குமே,” என்றேன். “ஏன் என்கிட்ட சண்டை போடல?”

“தோணுச்சு. புத்தகம் படிக்கவங்க எழுதிருக்காவ, நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்.” இரண்டு வீச்சு வலித்தார். “எழுதுனத மீறுனா பள்ளிக்கூடத்த விட்டு எடுத்துருவாவளோன்னும் பயந்தேன்.”

முதல் ஓடையின் வாய் வந்தது. செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு அணைத்தண்ணீருக்குள் பாய்ந்தது. தெப்பம் பக்கவாட்டில் தள்ளப்பட்டது. அப்போது ஒரு குரல்.

“எம்மா! அங்கன வராத, இழுக்கும்! பாறையச் சுத்தி வா!”

தலைவியின் மகள். ஓடைக்கு அந்தப்பக்கம், மேட்டில், ஒரு மருத மரத்தடியில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பிள்ளைகள். அவளோடு சேர்த்து எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. மூன்றாம் முறை எண்ணும்போதுதான் ஆறு வயதுக்காரி அவள் முதுகில் துண்டால் கட்டப்பட்டிருப்பது தெரிந்தது. எட்டு.

சற்றுத் தள்ளி ஒரு கல்லில் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெப்பம் பாறையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“ஆம்பளய நம்பித்தானே அனுப்புன? நான் சொன்னத ஒண்ணு கேட்டுச்சா இது? கையக் கோத்துக்கிட்டு எறங்கிருவோம்னேன். ஏழரை மணிக்கே தாண்டிருக்கலாம். எறங்க மாட்டேன்னு எதுத்து நிக்கி. மத்ததையும் எறங்க விடமாட்டங்கு. திரும்பலாம்னா பொறத்தால தாண்டி வந்த ஓடையும் பெருகிட்டு.”

“எறங்கிருந்தா தாத்தா,” என்றாள் அந்தப் பெண், “இந்நேரம் மதகுக்கிட்ட மெதந்துக்கிட்டிருப்பிய.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான்கு மணி நேரம் நனைந்து நின்ற பிள்ளைகள். உதடு நீலம் பாய்ந்து, தாடை நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

“கூட வந்த ஆம்பள அவுகதானாம், அவுக சொல்லுததத்தான் கேக்கணும்னாவ,” என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். “போர்டுல ஒட்டிருக்காம்லா.” என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தெப்பம் எல்லோரையும் ஒரே நடையில் தாங்காது. தலைவி இறங்கிச் சின்னவர்களை ஏற்றிவிட, மகள் துடுப்பை வாங்கினாள். முதுகில் இருந்தவளை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். நானும் மூன்று சின்னதுகளும் முதல் நடை. ஓடையின் இழுப்பு எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; அதுவரை தண்ணீரோடு போகவிட்டு, பிறகு ஒரே வெட்டாக வெட்டி ஓடைக்கு இந்தப்பக்கக் கரையில் கொண்டு சேர்த்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டாம் நடையில் மற்ற நாலு பிள்ளைகள். மூன்றாவதில் தலைவியும் பெரியவரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூங்கிலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

பள்ளிக்கு நடந்து சேர்ந்தபோது ஒன்றேகால். தலைமையாசிரியர் இன்னும் விசில் ஊதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பிறகும் இரண்டு முறை ஊதினார். சமையல்காரம்மா ஒவ்வொரு தலையாகத் துவட்டித் துவட்டி ஏசினார். ஆறு வயதுக்காரிக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று எழுதுவதற்கே எனக்குக் கூசுகிறது.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். அந்தச் சொல்லை அடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, புதுத் தீர்மானம்தான் போட வேண்டும் என்றார் தலைமையாசிரியர். புதுத் தீர்மானம் என்றால் காரணம் எழுத வேண்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நடந்தத எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? தெப்பத்தையே நிறுத்தச் சொல்லிருவாவ. அப்புறம் எட்டும் வீட்டோட நின்னுரும். அதுல அஞ்சு பொம்பளப்பிள்ள. காரணம் போடாம, நிருவாக வசதின்னு எழுதிருவோம் டீச்சர்.”

அவர் பயம் பொய்யில்லை. தலைவியின் மகள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு கீழே விடுதியில் சேர வேண்டியவள். இந்த ஆண்டு நின்றால் பிறகு சேர்வது நடக்காது. வாழ்நாளில் ஒரு நாளைக்கூட விடாமல் நடந்ததை எழுதியவள் நான். அன்று முதல்முறையாக எழுதாமல் இருப்பதே சரி என்று தோன்றியது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிருவாக வசதி என்ற இரண்டு சொற்களையும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். வெகு சுலபமாக வந்தன.

“நடந்ததையே எழுதுங்க,” என்றார் தலைவி.

“அம்மா, நான் சொல்லுதது…”

“கேட்டேன் சார். தெப்பத்துனாலயா பிள்ளைக காட்டுல நின்னுது? தெப்பத்துல வராததுனால நின்னுது. அதை எழுதச் சொல்லுங்க. தெப்பம் வலிக்கத் தெரிஞ்ச பெரியாளு ஒருத்தர் கூட வரணும்னு எழுதச் சொல்லுங்க. ஆம்பள பொம்பளன்னு ஒண்ணும் போடாண்டாம். வேலை தெரியணும், அம்புட்டுதான்.” சற்று யோசித்தார். “படகுக்காரவ போடுவாவள்லா, ஆரஞ்சுச் சட்டை. மெதக்குமே. அது எட்டு வேணும்னும் எழுதுங்க. கூட ஒண்ணு பெருசா. எங்க சின்ன மாமனாருக்கு.”

தலைமையாசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுதினேன். கிழமை, மணி, இரண்டு ஓடைகள், தீர்மானத்தில் ஆண் என்ற சொல் யாரும் கூறாமல் எழுதியவரால் சேர்க்கப்பட்டது என்பது, எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

தலைவி பேனாவை வாங்கவில்லை. பதிவேட்டை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

“நீங்க வாசிங்க டீச்சர். சத்தமா.”

வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இது யாரு சொன்னது?”

“நீ சொன்னது.”

“சரி. அடுத்தது.”

“இது சார் சொன்னது.”

அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார், தலைமையாசிரியர் தலையசைத்தார். இப்படியே ஒன்றரைப் பக்கமும். ஓரிடத்தில், ‘மாணவியரின் நலன் கருதி’ என்று எழுதியிருந்தேன்.

“இது?”

அது யாரும் சொன்னதல்ல. நான்தான் போட்டிருந்தேன், பழக்கத்தில். நான் அந்தத் தாளின் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, புதுத் தாளில் மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். பேருந்து போய்விட்டது. நாலரை மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

தீர்மானம் மேலே போயிற்று. மிதக்கும் சட்டைகளும் வரவில்லை, தெப்பத்துக்குத் தடையும் வரவில்லை. தைக்குள் ஏதாவது ஒன்று வரும் என்கிறார் தலைமையாசிரியர். எது முதலில் வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. அதுவரை தெப்பம் போய்வருகிறது.